கோவையின் ஓரத்தில் ஒரு வழிகாட்டி

பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் வரிசையில் நின்றவர்களுக்கு இக்காட்சி புதிதல்ல. காலை முதல் பஸ்ஸில் வந்த ஒரு தாயார், முறை வந்ததும் மேசைக்கு முன்னால் அமர்கிறார். மடியில் ஒரு ஷொப்பிங் பை. உத்தியோகத்தர் காணி அனுமதிப்பத்திரத்தைக் கேட்கிறார். பைக்குள்ளிருந்து பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், கிளினிக் கொப்பி, மகளின் சாதாரண தரப் பெறுபேறு, முகாமில் தந்த குடும்ப அட்டை, காலஞ்சென்ற கணவரின் அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கேட்ட பத்திரம் மட்டும் வரவில்லை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். “வீட்டை வைச்சிட்டு வந்திட்டன் போலை, ஐயா. நாளைக்குக் கொண்டு வாறன்” என்று கூறி அவர் எழுந்து போகிறார்.

இப்படி ஒருநாள் என் தாயாரும் எழுந்து வந்தார். வீட்டுக்கு வந்து பையைப் பாயில் கொட்டிப் பார்த்தபோது பத்திரம் அதற்குள்ளேயே இருந்தது; ஒரு பழைய மின்சாரப் பட்டியலுக்குள் இரண்டாக மடிந்து கிடந்தது. ஒருநாட் கூலியும் பஸ் காசும் போயின.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் பத்திரங்களை முற்றாக இழந்தவர்கள் பலர். அவர்களுடைய கதை வேறு. அதையும் கீழே தொட்டுச் செல்வோம். ஆனால் கையில் இருந்தும் வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாமல் நிற்பவர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு கோவையும், அந்தக் கோவையின் ஓரத்தில் ஒரு வழிகாட்டியுமே ஆகும். அதனை வீட்டிலேயே, காசு அதிகம் செலவழிக்காமல், ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம்.

ஓர வழிகாட்டி என்றால் என்ன?

ஊர்ச் சங்கக்கடையிலோ பலசரக்குக் கடையிலோ பழைய பேரேடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் வலதுபக்க ஓரம் படிக்கட்டுப் போலப் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து. முதலாளி புத்தகத்தைப் புரட்டுவதில்லை. உங்கள் பெயரின் முதலெழுத்துள்ள படியில் பெருவிரலை வைத்துத் திறப்பார். உங்கள் கணக்கு அங்கே நிற்கும். மூடிய புத்தகத்தின் உள்ளே என்ன என்ன எங்கெங்கே இருக்கின்றன என்பதை வெளியிலிருந்தே, ஒரே பார்வையில் காட்டுவதுதான் ஓர வழிகாட்டி.

புத்தகத்தின் முன்பக்கத்தில் உள்ள பொருளடக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பொருளடக்கத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் முதற் பக்கத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். ஓர வழிகாட்டியோ நாம் எந்தப் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். அவசரத்தில் இருப்பவருக்கும், எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவருக்கும், இருட்டில் குப்பிவிளக்கு வெளிச்சத்தில் தேடுபவருக்கும் இந்த வேறுபாடு சிறியதல்ல.

செய்யும் முறை

பிளாஸ்ரிக் உறைகள் கோத்த கோவை ஒன்றைப் புத்தகக் கடையில் வாங்கலாம். அது இயலாவிட்டால் பழைய கலண்டர் மட்டை இரண்டை முன்னும் பின்னும் வைத்து, நடுவே பெரிய கடித உறைகளைத் துளையிட்டுச் சணல் நூலால் கட்டினாலும் போதும். உறுதிகள் நீளமான தாளில் எழுதப்பட்டவை. ஆகவே மட்டை அவற்றை மடிக்காமல் வைக்கக்கூடிய நீளமாக இருக்கட்டும். மடித்த இடத்தில்தான் தாள் முதலில் கிழியும். கிழிவது பெரும்பாலும் எல்லைகள் எழுதிய வரியாகவே இருக்கும்!

இனி எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்பி வகைப்படுத்துங்கள். இங்குதான் பலர் பிழை விடுகிறார்கள். இருபது வகை, முப்பது வகை என்று பிரித்துவிடுவார்கள். அத்தனை துண்டுகள் ஓரத்தில் நின்றால் ஒன்றையொன்று மறைக்கும். தேடும் கண்ணும் தடுமாறும். ஒரு கமக்காரக் குடும்பத்துக்கு ஏழு வகை போதும் என்பது என் அனுபவம்: காணி, ஆட்கள், இடப்பெயர்வு, கமம், பிள்ளைகளின் படிப்பு, சுகம், காசு. இவற்றுள் அடங்காத பத்திரம் ஒன்று உங்களிடம் இருந்தால் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கலண்டர் மட்டையிலோ பிஸ்கற் பெட்டி மட்டையிலோ இரண்டு விரல் அகலத்தில் ஏழு துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொரு வகையின் முதல் உறையிலும் வலதுபக்க ஓரத்தில், வெளியே ஒரு விரலளவு நீட்டி நிற்கும்படி ஒரு துண்டை ஒட்டவேண்டும். முதலாவது துண்டு மேல் மூலையில். இரண்டாவது அதற்குச் சற்றுக் கீழே. இப்படியே படியிறங்கி ஏழாவது துண்டு கீழ் மூலைக்கு வரவேண்டும். கோவையை மூடிப் பார்த்தால் ஏழு நாக்குகளும் ஒன்றையொன்று மறைக்காமல் தெரியவேண்டும். மறைத்தால் கழற்றி மீண்டும் ஒட்டுங்கள். அதில் சோம்பல் கூடாது.

துண்டில் பெயரை எழுதுவதோடு ஒரு படமும் கீறுங்கள். காணிக்கு வேலியடைத்த ஒரு சதுரம், கமத்துக்கு நெற்கதிர், ஆட்களுக்கு ஒரு தலை, படிப்புக்குப் புத்தகம், இப்படி ஏதாவது. வீட்டில் எழுதப்படிக்கத் தெரியாத அம்மம்மா ஒருவர் இருப்பார். ஷெல் சத்தம் கேட்டபோது எல்லோருக்கும் முன் பையைத் தூக்கியவர் அவராகவே இருந்திருப்பார். அவரும் தானே ஒரு பத்திரத்தைத் தேடி எடுக்கக்கூடியதாக இருந்தால்தான் அது குடும்பத்தின் கோவை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் விளங்கும் கோவை அவர் ஊரில் இல்லாத நாளில் பயன்படாது.

எது மேலே, எது கீழே? அகரவரிசை கடைக்காரருக்குச் சரி. நமக்கு அடிக்கடி கேட்கப்படுவதும், இழந்தால் அதிகம் பாதிப்பதும் மேலே வரவேண்டும். ஆதலால் காணியை முதலிலும் ஆட்களை அடுத்ததாகவும் வைக்கிறேன். நோயாளி உள்ள வீட்டில் கிளினிக் கொப்பி மேலே வரலாம். ஆனால் ஒருமுறை தீர்மானித்த வரிசையை மாற்றாதீர்கள். கைக்கு இடம் பழகிவிட்டால் கண் தேடவேண்டியதில்லை.

ஒரே பத்திரம் இரண்டு இடத்துக்குப் பொருந்துவதும் உண்டு. தகப்பனாரின் இறப்பு அத்தாட்சிப் பத்திரம் ‘ஆட்கள்’ வகையைச் சேர்ந்தது. ஆனால் காணியைப் பெயர்மாற்றப் போகும்போது அது இல்லாமல் முடியாது. பத்திரத்தை ஓரிடத்திலேயே வையுங்கள். மற்ற இடத்தில் ஒரு வெற்றுத்தாளை வைத்து ‘அப்பாவின் இறப்புப் பத்திரம் – ஆட்கள் பகுதியைப் பார்க்க’ என்று எழுதிவிடுங்கள்.

அதுபோலவே, ஒரு பத்திரத்தை வெளியே எடுத்தால் அது இருந்த உறைக்குள் ஒரு துண்டைப் போடவேண்டும்: என்ன பத்திரம், யார் எடுத்தது, எங்கே கொண்டுபோனது, என்ன திகதி. நூலகங்களிலும் பதிவறைகளிலும் இவ்வழக்கம் உண்டு. பத்திரம் திரும்பி வந்ததும் துண்டை எடுத்துவிடலாம். மூலப் பத்திரத்தை எவரிடமும், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், எழுத்தில் ஒரு பற்றுத்துண்டு வாங்காமல் கொடுக்காதீர்கள். “காணி அலுவலை நான் பார்த்துத் தாறன்” என்று வரும் தரகரிடம் மூலத்தைக் கொடுக்கவே வேண்டாம். போட்டோப் பிரதி போதும்.

முதற்பக்கப் பட்டியல்

இதுவரை கூறியது கோவைக்குள் வழி காட்டுவது. இனிக் கூறப்போவதுதான் இக்கட்டுரையில் முக்கியமானது. கோவையின் முதலாவது உறைக்குள் ஒரு பட்டியல் இருக்கவேண்டும். ஓரத்துண்டுகளின் அதே வரிசையில், ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு வரி. அந்த வரியில் நான்கு விடயங்கள்: என்ன பத்திரம், அதன் இலக்கமும் திகதியும், அதைத் தந்தவர் யார், அதன் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது.

இந்த நான்காவது விடயத்தை ஏன் எழுதவேண்டும்? நாம் கையில் வைத்திருக்கும் பத்திரம் பெரும்பாலும் தனியானதல்ல. அதற்கு வேறோர் இடத்தில் ஒரு கூடப்பிறந்தவர் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி மழைக்குள் நடந்தவர்கள் பத்திரங்களைத் தேடி எடுக்க நேரமில்லாமலே புறப்பட்டார்கள். 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் உடுத்த உடுப்போடு புத்தளம் சென்றார்கள். 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்தபோது ஓடுவதற்கே நேரம் போதவில்லை. 2009 இன் தொடக்கத்தில் வன்னியில் ஒரே பையை எத்தனை தரம் மண்ணுக்குள் புதைத்து எத்தனை தரம் தோண்டி எடுத்தோம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அந்த நாட்களில் பத்திரம் போயிருக்கலாம். ஆனால் அதன் இலக்கம் ஒரு சிறு தாளில், வேறு ஓர் ஊரில், உறவினர் வீட்டில் இருந்திருந்தால் கூடப்பிறந்ததைக் கண்டுபிடிப்பது மிகவும் இலகுவாக இருந்திருக்கும்.

தனியார் காணியின் உறுதியை எடுத்துக்கொள்வோம். நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூன்று பிரதிகள் உண்டாகின்றன. ஒன்று உங்கள் கைக்கு வரும் மூலம். இரண்டாவதை அவர் அடுத்த மாதம் 15 ஆந் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். மூன்றாவதை அவரே தம்முடைய கட்டில் வைத்திருக்கவேண்டும். அவர் காலமானாலும் அக்கட்டுக்கள் காணிப் பதிவகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே உங்கள் வீடு எரிந்தபோது உறுதியின் ஒரு பிரதிதான் எரிந்தது. மற்ற இரண்டையும் தேடிப்போக நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், எழுதிய திகதி ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றும் உறுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளன.

காணிப் பதிவகமும் ஒரு பெரிய வழிகாட்டிப் புத்தகமே. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கப் பத்திரங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி ஒவ்வொரு காணிக்கும் அங்கே ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. பக்கத்தின் தலைப்பில் காணியின் பெயர், அளவு, எல்லைகள். அதன் கீழே, அக்காணிக்கு நடந்த விற்பனை, நன்கொடை, ஈடு, சீதனம் யாவும் பதியப்படும். பக்கம் நிரம்பினால் ‘இன்ன பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது’ என்று எழுதி, புதிய பக்கத்தில் ‘இன்ன பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது’ என்று எழுதுவார்கள். இப்படியே பின்னோக்கிப் போனால் பாட்டன் காலத்துக்கும் போகலாம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்று பெரியவர்கள் சொல்வது இதற்கும் முந்தியது.

அந்தப் பக்கத்தின் முகவரி ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களுமாக இருக்கும்: எந்தப் பிரிவு, எத்தனையாவது தொகுதி, எத்தனையாவது பக்கம். நொத்தாரிசு அதனை ‘முன்பதிவு’ என்று உறுதியின் தலைப்பில் குறித்திருப்பார். முதற்பக்கப் பட்டியலில் இதை மறவாது எழுதுங்கள். இது தெரிந்தால் பதிவகத்தில் பக்கத்தின் பிரதி ஒன்றுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். தெரியாவிட்டால் காணியின் பெயரையும் எல்லையையும் ஆட்களின் பெயரையும் கொண்டு புத்தகம் புத்தகமாகத் தேடவேண்டும். போரில் சில அலுவலகங்களின் பதிவேடுகளும் சேதமடைந்தன என்பது உண்மை. அதனால்தான் ஓரிடத்தை மட்டும் நம்பாமல், பிரதி இருக்கக்கூடிய எல்லா இடங்களையும் எழுதச் சொல்கிறேன்.

காணியின் அளவை எழுதும்போது உறுதியில் உள்ளபடியே எழுதுங்கள். யாழ்ப்பாணத்து உறுதிகளில் ‘பரப்பு வரகு’ என்றும் ‘பரப்பு நெல்’ என்றும் இரண்டு உண்டு. வரகுப் பரப்பு 16 சேர்ந்தால் ஓர் ஏக்கர். நெற்பரப்பின் அளவு வேறு. இதை ஏக்கராகவோ பேர்ச்சாகவோ மாற்றி எழுதப்போனால் பிழை வரும். அந்தப் பிழை பிறகு பக்கத்துக் காணிக்காரரோடு சண்டையாக வளரும். எல்லைகளையும் அப்படியே எழுதவேண்டும். ‘வடக்கு ஒழுங்கை’ என்றிருந்தால் அந்த ஒழுங்கை இன்று பற்றைக்குள் மறைந்துபோயிருந்தாலும் ‘வடக்கு ஒழுங்கை’ என்றே எழுதுங்கள்.

பேமிட் காணி வேறுவிதம். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரங்களுக்குப் பிரதேச செயலகத்தில் ஒரு பேரேடு உண்டு. வன்னியிலும் கிழக்கிலும் குடியேற்றத் திட்டங்களில் உள்ள குடும்பங்களுக்கு இதுவே உயிர். பட்டியலில் அனுமதிப்பத்திர இலக்கத்தோடு, பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டுள்ளது என்பதையும் எழுதுங்கள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. நியமிக்கப்பட்டவர் இறந்துபோயிருப்பார், அல்லது நாற்பது வருடத்துக்கு முன் யாருடைய பெயருமே எழுதப்படாமல் விடப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் சட்டத்தில் உள்ள உறவுவரிசைப்படியே காணி போகும். 2022 இல் திருத்தப்படும் வரை அந்த வரிசையில் ஆண்பிள்ளைகளுக்கே முன்னிடம் இருந்தது. மகளோடு வாழும் விதவைத் தாய்மார் இதனைக் குறிப்பாகக் கவனித்து, பெயர் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்துக்குச் சென்று பதிந்துகொள்வது நல்லது.

வயற்காரருக்கு இன்னுமோர் இடம் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி விவசாயக் காணிகளின் பதிவேடு ஒன்று பேணப்படுகிறது. அதில் காணிக்காரரின் பெயரும் பயிர்செய்பவரின் பெயரும் வரும். அது உறுதிக்கு ஈடாகாது. ஆனாலும் இன்ன வயலை இன்னார் செய்துவந்தார் என்பதற்கு அது ஒரு சான்று. உரமானியத் துண்டு, நீர்வரிப் பற்றுச்சீட்டு, கமக்காரர் அமைப்பின் அங்கத்துவப் பற்றுச்சீட்டு போன்ற சிறுதுண்டுகளையும் இதே காரணத்துக்காக ‘கமம்’ பகுதியில் வைக்கவேண்டும். குப்பை என்று வீசாதீர்கள்.

‘இடப்பெயர்வு’ என்று ஒரு தனி வகையை நான் ஏன் வைத்தேன் என்று சிலர் கேட்கலாம். முகாம் அட்டை, நிவாரண அட்டை, இடம்பெயர்ந்த பதிவு, மீள்குடியேற்றப் படிவம் ஆகியவற்றைக் காலம் முடிந்ததும் எறிந்துவிடுகிறோம். ஆனால் நாம் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை நமது காணியில் இல்லை, ஏன் இல்லை என்பதற்கு அவைதாம் சாட்சி. நம் நாட்டில் 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஒரு காணியை ஆண்டுவந்தால் அது தனதெனக் கோரலாம். நாம் ஓடித்திரிந்த காலத்தில் வேறொருவர் நமது வளவில் இருந்து பத்து ஆண்டுக் கணக்குக் காட்டியபோது பலர் திகைத்துப் போனார்கள். இதற்காகவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போர் காரணமாகத் தமது உரிமைக்காக வழக்கிட முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்கக்கூடாது என்று அது கூறியது. வழக்கிடுவதற்கு அச்சட்டம் தந்த இரண்டு வருட அவகாசம் முடிந்துவிட்டது. எனினும் காணிப் பிணக்கு உள்ளவர்கள் ஒரு சட்டத்தரணியிடம் போகும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, எப்போது வெளியேறினீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்பதே. பதில் சொல்ல நிவாரண அட்டை வேண்டும். ஆகவே அதனை வைத்திருங்கள்.

மற்றப் பகுதிகள்

மற்றவற்றுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றுக்கு அத்தாட்சிப் பத்திரத்தின் இலக்கம், பதிந்த திகதி, பதிவாளர் பிரிவு ஆகியவற்றை எழுதுங்கள். இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது இலகு. தெரியாவிட்டால் பதிவேடுகளைத் தேடுவிக்கவேண்டும். அதற்குக் கட்டணமும் கூட, நேரமும் கூட.

அடையாள அட்டை இலக்கத்தை வீட்டில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக்குவது நல்லது. அதில் ஒரு சிறு உதவியுண்டு. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 இல் தொடங்கிய பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டு முழுமையாக நான்கு எண்களில் வருகிறது. இதைத் தெரிந்திருந்தால் நினைவில் வைப்பது பாதி இலகுவாகிறது.

குடும்பத்தில் ஒருவர் காணாமற்போயிருந்தால் அவருக்கும் ‘ஆட்கள்’ பகுதியில் ஓர் உறை வையுங்கள். முறைப்பாடு செய்த திகதிகள், பற்றுத்துண்டுகள், கடித இலக்கங்கள், விசாரணைக்குப் போன இடங்கள் எல்லாம் அதற்குள் இருக்கட்டும். இறந்தவர் என்று பதிய மனம் ஒப்பாதவர்கள், அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்தைப் பெற 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடமளித்துள்ளது. எதைப் பெறுவது, பெறாமல் விடுவது என்பது குடும்பத்தின் முடிவு. பத்து இடத்தில் சொன்னதைப் பதினோராம் இடத்திலும் முதலிலிருந்து சொல்லவேண்டிய துன்பத்தைச் சற்றேனும் அந்த உறை குறைக்கும்.

பேணுதல்

உறுதிக்கு லமினேற் செய்யாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கை மீண்டும் பிரிக்கமுடியாது. பழைய மை மங்கும். முத்திரையையும் கைவிரல் அடையாளத்தையும் சோதிக்க முடியாமற் போகும். ஒட்டாத உறையே போதும். கம்பிக்கிளிப், குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும்; கழற்றிவிடுங்கள். நனைந்த தாளை வெயிலில் போடாது, நிழலில் துணிக்கு மேல் பரப்பி உலரவிடுங்கள். கோவையை நிலத்தில் வைத்தால் கறையான் வரும். றங்குப் பெட்டியில் வைத்தால் நல்லது. ஆனால் ஓடும்போது பெட்டியைத் தூக்க முடியாது. ஆகையால் பெட்டிக்குள் கோவையைத் தோள்வாருள்ள ஒரு பையிலே போட்டு வையுங்கள்.

இப்போது பலர் வீட்டில் கைத்தொலைபேசி உண்டு. பத்திரங்களைப் பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு பக்கமாக, உறுதியின் பின்பக்கத்தையும் விடாமல், படம் எடுங்கள். முதலில் பட்டியலைப் படம் எடுத்து, பிறகு ஓரத்துண்டுகளின் அதே வரிசையில் மற்றவற்றை எடுத்தால் தொலைபேசிக்குள்ளும் அதே வழிகாட்டி வந்துவிடும். குழந்தைகளின் படங்களோடும் கோயில் திருவிழாப் படங்களோடும் கலந்துவிட்டால் மீண்டும் ஷொப்பிங் பைக் கதைதான். ஆதலால் தனியாக ஒரு கோப்புறையில் சேர்க்கவேண்டும். பிள்ளைகளிடம் கேட்டால் செய்து தருவார்கள். வெளியூரில் உள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு அனுப்பியும் வையுங்கள். கண்டவர்க்கெல்லாம் அடையாள அட்டைப் படத்தை அனுப்பவேண்டாம். தொலைபேசி தண்ணீரில் விழும், களவு போகும். கையால் எழுதிய பட்டியலின் இடத்தை அது பிடிக்காது.

அந்தப் பட்டியலை மூன்று பிரதிகள் எழுதுங்கள். ஒன்று கோவையில். ஒன்று தூரத்து உறவினர் வீட்டில். ஒன்று நாளாந்தம் கொண்டுசெல்லும் பணப்பையில், சிறிதாக மடித்து, பொலித்தீனில் சுற்றி. பேனையால் எழுதுவதானால் தண்ணீரில் கரையாத மையைப் பாவிக்கவும். பென்சில் எழுத்து நனைந்தாலும் அழியாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, காலபோக விதைப்பு முடிந்து மாரிமழைக்கு வீட்டில் இருக்கும் நாட்களில் ஒரு நாளைத் தெரிந்து, கோவையை எல்லோரும் சுற்றியிருந்து திறந்து பாருங்கள். புதிதாக வந்த பத்திரங்களைப் பட்டியலில் சேர்த்து, மூன்று பிரதிகளிலும் அன்றைய திகதியை இடுங்கள். பிறகு வீட்டில் இளைய பிள்ளையிடம், “அம்மம்மாவின் பிறப்புப் பத்திரத்தை எடு பார்ப்பம்” என்று கேளுங்கள். பிள்ளை கோவையைப் புரட்டத் தொடங்கினால் ஓரத்துண்டுகளை இன்னும் திருத்தவேண்டும். நேரே அந்த நாக்கைப் பிடித்துத் திறந்தால் கோவையைக் கட்டிப் பைக்குள் வைத்துவிடலாம்.